பழகிய கிருமி

மூச்சுப் பட்டையில் கோடு தவறான இடத்தில் விழுந்திருந்தது.

பட்டை கெட்டுப்போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தப் பட்டைகள் நான் ஆய்வுக்கூட வேலை பார்க்கும் நெஞ்சக மருத்துவமனைக்கு அப்போதுதான் புதிதாக வந்திருந்தன. விரல் அகலம்தான் இருக்கும். முகக் கவசத்தின் உட்புறம் ஒட்டிக்கொண்டு நோயாளி கொஞ்ச நேரம் சாதாரணமாக மூச்சுவிட்டால் போதும். இருமி இருமிச் சளி எடுக்க வேண்டியதில்லை. மூச்சில் காசநோய்க் கிருமி இருந்தால் பட்டையின் நடுவில் நீலக் கோடு எழும். இல்லையென்றால் வெள்ளையாகவே இருக்கும். மீராளின் பட்டையில் நடுப்பகுதி வெள்ளையாக இருந்தது. ஆனால் ஓரத்தில், எந்தக் கிருமிக்கும் ஒதுக்கப்படாத இடத்தில், பட்டு நூல் போல ஒரு நீலம்.

"என்ன பிள்ள, பாஸா ஃபெயிலா?" என்றாள் மீராள்.

"தெரியலக்கா. இன்னொரு தடவை எடுக்கணும்."

"சரிதான். அரியர்ஸ்."

செய்யது மீராள் என்பது முழுப் பெயர். நாற்பதை நெருங்குகிறாள். எங்கள் ஊர் பாறைப்பேட்டையில் பீடி சுற்றுகிறாள். பல வருடங்களுக்கு முன்பு காசநோய் வந்து, இரண்டு முறை மருந்து எடுத்து, எங்கள் மருத்துவமனையிலேயே குணமானவள். நோய் அரித்த இடத்தில், இடது நுரையீரலின் மேல்பக்கம், ஒரு குழி மட்டும் மிச்சம் இருந்தது. மாலையில் தெருப் பிள்ளைகளுக்கு வீட்டில் குர்ஆன் ஓதிக்கொடுப்பாள். பிள்ளைக்குக் காய்ச்சல், பயந்த கோளாறு என்றால் தாய்மார் அவளிடம் தூக்கிவருவார்கள். ஓதி, பிள்ளையின் முகத்தில் மெதுவாக ஊதி அனுப்புவாள். பிள்ளையார் கோவில் தெருவிலிருந்தும் வருவார்கள், எங்கள் சர்ச் தெருவிலிருந்தும் வருவார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் பள்ளிவாசல் வாசலில் ஊதுவதைப் போலத்தான் இதுவும். எங்கள் பக்கத்தில் யாரும் இதை வித்தியாசமாக நினைப்பதில்லை.

இரண்டாவது பட்டையிலும் கோடு ஓரத்தில்தான் விழுந்தது. மூன்றாவதிலும் அப்படியே.

டாக்டர் சங்கரவடிவு பட்டைகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்கள் மருத்துவமனைக்கு ஒரே டாக்டர் இந்த அம்மாதான். "காசநோய்க் கிருமிதான். ஆனா நமக்குத் தெரிஞ்ச கிருமி இல்ல. அவகூடப் புழங்குதவங்களுக்கெல்லாம் ஊசி போடு பியூலா" என்று என்னிடம் சொன்னார்.

நோயாளியோடு நெருங்கியிருப்பவர்களுக்கு முன்கையில் ஊசி போட்டு, தோல் தடிக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். இப்போதைய ஊசியில், நோய் ஒட்டியிருந்தால் கட்டி போல உப்பும். நோயைத் தடுக்கும் வலு உடம்பில் இருந்தால், அம்மைத் தழும்பைச் சுற்றிக் கோலம் போட்டது போல ஒரு வளையம் வரும். வளையத்தை நான் பாடப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்தேன்.

மீராளிடம் ஓதுகிற பிள்ளைகள் ஊசி போட்ட கையைக் காட்ட வந்தார்கள். முதல் பிள்ளையின் கையில் வளையம். அடுத்த பிள்ளைக்கும் வளையம். மாலையில் வெளித் தாழ்வாரம் நிறையப் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். எல்லோருடைய கையிலும் அதே சிவந்த வளையம், பிறை வளர்ந்து முழுவட்டம் ஆனது போல. அவர்களுக்கு அது விளையாட்டு. யாருடையது பெரியது என்று கையோடு கை வைத்து அளந்துகொண்டிருந்தார்கள்.

நானும் அளவுகோலை எடுத்து ஒவ்வொரு கையாக அளந்தேன்.

"ஓநாய் எப்படி நாயாச்சு தெரியுமா?" என்று டாக்டர் கேட்டார். பிள்ளைகள் போன பிறகு நாங்கள் இருவரும் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம்.

"மனுசங்ககிட்ட பழகி."

"ஆமா. கடிக்கத்தான் வந்தது. எச்சிச்சோத்துக்குப் பக்கத்துலயே கெடந்து கெடந்து, குணம் மாறி, பிறவு வாசல்ல காவலுக்குப் படுத்துக்கிட்டு. இதுவும் அப்படித்தான் இருக்கணும். மருந்துக்குத் தப்பின கொஞ்சம் கிருமி அந்தக் குழிக்குள்ள இத்தனை வருசம் இருந்திருக்கு. அவளையும் கொல்லல, அதுவும் சாகல. பழகிட்டு. இப்ப அவ மூச்சுல வெளிய வருது. யாரு நெஞ்சுக்குள்ள போனாலும் அவங்க உடம்புக்கு, 'இதான் எதிரி, பாத்து வச்சுக்கோ'ன்னு சொல்லிக் குடுக்குது."

"தடுப்பூசி மாதிரியா?"

"ஊசி இல்லாத தடுப்பூசி."

மனிதன் எலும்பாகக் கிடைக்கிற காலத்திலிருந்தே அந்த எலும்பில் இந்த நோயின் தடம் இருக்கிறது என்று படித்திருக்கிறேன். எத்தனை அரசர்கள், எத்தனை மருத்துவர்கள், எத்தனை சானடோரியங்கள். யாராலும் அதைப் பழக்க முடியவில்லை. பாறைப்பேட்டையில், பீடித் தட்டை மடியில் வைத்துக் குனிந்திருந்த ஒரு பெண்ணின் நெஞ்சுக்குள், யாருக்கும் தெரியாமல் அது நடந்து முடிந்திருக்கிறது.

மீராளிடம் சொன்னபோது அவள் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"இங்கனயா?"

"ஆமாக்கா. இடது பக்கம், மேல."

"நான் அது வெறும் ஓட்டைன்னுல்லா நெனச்சேன்" என்றாள்.

*

சென்னையிலிருந்து டாக்டர் இளம்பரிதி வந்தார். இதற்காக அமைத்த ஆய்வுக் குழுவின் தலைவர். கண்ணியமான மனிதர். என்னைக்கூட 'நீங்க' என்றுதான் சொல்வார். அந்தக் கிருமியை வெளியில் வளர்ப்பதுதான் அவருடைய வேலை. கிருமிக்கு உணவாக முட்டைக் கரு வைத்த எங்கள் குழாய்களில் அது வளரவில்லை. சென்னைக்கு எடுத்துப்போனார், அங்கேயும் வளரவில்லை. ஐஸ் பெட்டியில் வைத்தால் வழியிலேயே இறந்தது, சூட்டில் வைத்தாலும் இறந்தது. அது மீராளின் குழியைத் தவிர வேறெங்கும் தங்காது என்ற முடிவுக்கு எல்லோரும் வந்தோம். அவள் மூச்சை வாங்கியவர்களின் உடம்புக்கு அது பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டுச் செத்துவிடுகிறது என்று எடுத்துக்கொண்டோம்.

செய்தி எப்படியோ வெளியே போனது. மறு வாரம் மீராள் வீட்டுத் தெருவுக்குள் ஆட்டோ நுழைய முடியவில்லை. கடையநல்லூர், தென்காசி, கோவில்பட்டி என்று எங்கிருந்தெல்லாமோ கைப்பிள்ளைகளோடு வந்தார்கள். வாசலில் நின்று வரிசையை ஒழுங்குபடுத்தியது ஹாஜராள், மீராளுடைய நாத்தனார்.

"ஒவ்வொருத்தரா வாங்க. ஏ, உங்களத்தான். பிள்ளைக்கு மூக்கத் தொடைங்க. மைனி மூஞ்சிக்கு நேர தும்மிரப்போவுது."

உள்ளே மீராள் சிரித்தாள். "இவ யாருன்னு தெரியுமா பிள்ள? நோவு வந்தப்ப என் தம்ளரத் தனியாத் தூக்கிக் கொல்லையில வச்சவ. இன்னைக்கு என் மூச்சுக்கு வாட்ச்மேனா நிக்கா."

"அன்னைக்கு டாக்டர் சொன்னதச் செஞ்சேன்" என்று வாசலிலிருந்தே குரல் வந்தது. "இன்னைக்கும் டாக்டர் சொன்னதத்தான் செய்யுதேன்."

"தம்ளரக் கொல்லையில வைன்னு எந்த டாக்டர்ட்டி சொன்னாரு?"

ஹாஜராள் வரிசையைப் பார்த்து இன்னும் சத்தமாகக் கத்தினாள்.

நான் தினமும் பட்டை எடுக்க அங்கே போவேன். கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது. மீராள் அதைக் கவனித்திருக்க வேண்டும். பட்டை முகக் கவசத்துக்குள் இருக்கும்போது அவள் பேசக்கூடாது. அது முடிந்ததும் கவசத்தைக் கழற்றிவிட்டு எதையாவது பேச ஆரம்பிப்பாள். பீடி இலையை எப்படி நனைப்பது, எந்த மாமியார் எந்த மருமகளை என்ன சொன்னாள், அவள் கணவர் கொல்லத்தில் இன்னொரு குடும்பத்தோடு இருப்பது, எல்லாம். நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

ஒருநாள் சுடலைமுத்து வந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன். காசநோய்க்கு எங்களிடம் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவன் திடீரென்று வருவதை நிறுத்தியிருந்தான். மீராள் முன்னால் வந்து கண்ணை மூடி முகத்தை நீட்டினான்.

"மாத்திரை போட்டியா?" என்றாள் மீராள்.

"அதான் உங்க மூச்சு இருக்கேக்கா."

"யாருல சொன்னது உனக்கு?"

"ஊரே சொல்லுது."

மீராள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவன் மட்டுமில்லை, இன்னும் பலர் மாத்திரையை விட்டிருந்தார்கள்.

"நல்லா கேட்டுக்கோ. என் மூச்சு நோவு வராதவனுக்குக் காவலு. வந்தவனுக்கு மாத்திரைதான். திருடன் வீட்டுக்குள்ள வந்து சோறு தின்னுக்கிட்டு இருக்கான், நீ வாசல்ல நாயக் கட்டப்போறேங்குத."

"அப்ப ஊத மாட்டியளா?"

"ஊதுதேன். அது உன் மனசுக்கு. ஓதினது அல்லாவுக்கு, கிருமி டாக்டரம்மாவுக்கு, மாத்திரை உனக்கு. ஒண்ணோட ஒண்ணப் போட்டுக் குழப்பாத. எடு மாத்திரைய, என் கண்ணு முன்னால முழுங்கு."

அன்றிலிருந்து ஹாஜராள் வாசலில் ஒரு பானைத் தண்ணீரும் வைத்தாள். மருந்தில் இருப்பவர்கள் மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். விட்டுப்போனவர்கள் எல்லோரும் திரும்பிவந்தார்கள். எங்கள் மருத்துவமனையால் சாதிக்க முடியாததை ஒரு பானை சாதித்தது என்று டாக்டர் சொன்னார்.

எல்லோருக்கும் இது சந்தோஷமாக இருக்கவில்லை. ஒரு நடுத்தர வயதுக்காரர் டாக்டர் மேசையில் கையை அறைந்து கேட்டார். "என் மகன் அவ வீட்டுக்குப் போனதே இல்ல. அடுத்த வீட்டுப் பையன்கூட விளையாடுதான், அம்புட்டுத்தான். அவன் கையிலயும் வளையம் வந்திருக்கு. என் பிள்ள உடம்புக்குள்ள கிருமிய விடலாம்னு யாரு உங்களுக்குச் சொன்னா? எங்கிட்ட கேட்டியளா?"

"நாங்க விடல. அதுவா போவுது" என்றார் டாக்டர்.

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

அவர் போன பிறகு டாக்டர் சொன்னார். "அவரு சொல்லுததுலயும் நியாயம் இருக்கு பியூலா. உடம்பு வலு ரொம்பக் கொறஞ்சவங்களுக்கு இது போனா என்ன ஆவும்னு நமக்கே தெரியாது. நல்லது செய்யுற கிருமின்னாலும், கதவத் தட்டாமல்லா உள்ள வருது."

அந்த மனிதர் சொன்னதில் இன்னொரு விஷயமும் இருந்தது. அது எங்கள் இருவர் காதிலும் விழவில்லை. மீராள் வீட்டுக்கே போகாத பையன் கையில் வளையம் எப்படி வந்தது என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

*

மீராள் ரத்தம் கக்கினாள்.

ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது இருமல் வந்து, வாயைப் பொத்திய முந்தானை முழுவதும் சிவந்துவிட்டது. சுடலைமுத்துதான் ஆட்டோவில் தூக்கிவந்தான். ரத்தம் நின்றது. திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்தார்கள். குழியின் சுவரில் ஒரு ரத்தக் குழாய் பலூன் போல உப்பியிருந்தது. அந்தப் பக்கத்து நுரையீரல் மடலை அறுத்து எடுக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது, அடுத்த முறை ரத்தம் நிற்காமலும் போகலாம் என்று அறுவை மருத்துவர் டாக்டரிடம் தொலைபேசியில் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

இளம்பரிதி அன்றே சென்னையிலிருந்து வந்துவிட்டார்.

"மூணு மாசம் தள்ளிப்போட முடியுமா?" என்று டாக்டரிடம் கேட்டார். "அந்தக் குழியை எடுத்துட்டா கிருமி போச்சு மேடம். உலகத்துலயே அது இருக்கிறது அந்த ஒரு இடத்துலதான். இந்த நாட்டுல தினமும் இந்த நோயில எத்தனை பேர் போறாங்கன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? மூணு மாசத்துல வளர்க்க ஒரு வழி கண்டுபிடிச்சுடுவோம்."

"அதுக்குள்ள ரத்தக்குழாய் உடைஞ்சா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் கல்நெஞ்சக்காரன் இல்லை மேடம். எங்க அக்கா இதுலதான் இறந்தாங்க."

மீராளை உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "இப்போதைக்கு மருந்துலயே பாப்போம் மீராள். கனமா ஒண்ணும் தூக்காத. பிள்ளைகளுக்கு ஊதுதது மட்டும் இருக்கட்டும்."

"சரி டாக்டரம்மா."

நான் மூலையில் பட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஆபரேசன் செய்யணும்னு சர்ஜன் சொல்லியிருக்காங்க" என்றேன்.

"என்ன பிள்ள சொல்லுத? வாய்க்குள்ளயே."

இன்னொரு முறை சொல்ல வேண்டியதாயிற்று. இந்த முறை அறை முழுவதும் கேட்டது. "ஆபரேசன் செய்யணுமாம். சீக்கிரமா. இல்லன்னா உயிருக்கு ஆபத்துன்னு சொல்லியிருக்காங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். என்னைத் திட்டவில்லை. இளம்பரிதி எழுந்து நாற்காலியை மீராளுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். குழியை எடுத்தால் என்ன ஆகும், எடுக்காவிட்டால் என்ன ஆகும், அவர் ஏன் மூன்று மாதம் கேட்கிறார் என்பதெல்லாம்.

மீராள் பொறுமையாகக் கேட்டாள்.

"நான் மௌத்தாயிட்டா அந்தக் கிருமி எங்க இருக்கும் சார்?"

"உங்களோட போயிடும்."

"அப்ப அறுத்தா அது போவும், நான் இருப்பேன். அறுக்காம ரத்தம் வந்தா ரெண்டுமே போவும். அப்படித்தான?"

"ரத்தம் வராமலும் இருக்கலாம். மூணு மாசம்தான் கேக்கறோம்மா."

"கேக்குதிய. அந்த மூணு மாசம் உங்க கையில இருக்கா?"

"இல்லை" என்றார் இளம்பரிதி.

"என் கையிலயும் இல்ல."

அவள் வெளியே வந்து வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"சாவுக்குப் பயமில்லன்னு சொல்ல மாட்டேன் பிள்ள. பயந்தான். ஆனா இன்னொரு பயமும் இருக்கு. சிரிக்காத."

"சொல்லுங்கக்கா."

"நோவு வந்தப்ப ஒரு கல்யாண வீட்டுல எனக்கு மட்டும் பின்னாடி, அடுப்புப் பக்கத்துல எலை போட்டாங்க. போன மாசம் ஒரு கல்யாணம். மணப்பொண்ணுக்குப் பக்கத்துல எனக்கு நாற்காலி. எனக்கு அது புடிச்சிருந்துது. அறுத்த பிறவு யாரு வருவா? ஹாஜராகூட மறுபடி தம்ளரத் தேடுவா."

நான் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தேன்.

"ஆனா உசிரோட இருந்து தனியா உக்காந்திருக்கதும் ஒரு இருப்புதான?" என்று அவளே சொல்லிக்கொண்டாள். தண்ணீரைக் குடித்துவிட்டு உள்ளே போய், அறுவைக்குச் சம்மதம் என்றாள்.

விஷயம் பரவிவிட்டது. திருநெல்வேலிக்குப் புறப்பட வேண்டிய நாளன்று தெரு அடைத்துக் கூட்டம். கடைசியாக ஒரு தடவை ஊதிவிட்டுப் போகச் சொல்லி அழுதார்கள். ஒரு பெரியவர், ஊர் நன்மைக்காகக் கொஞ்ச நாள் பொறுக்கக்கூடாதா என்று கேட்டார். ஹாஜராள் வாசற்படியில் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"இன்னைக்கு யாருக்கும் கெடையாது. போங்க."

"பிள்ளையத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரத்துலருந்து வந்திருக்கேன் தாயீ."

"இருக்கட்டும். அவ மூச்சு அவளுக்கே வேணும். நகருங்க, ஆட்டோ வரட்டும்."

*

அறுவை நன்றாக முடிந்தது. மீராள் பிழைத்துக்கொண்டாள்.

எடுத்த துண்டை உப்பு நீரில் போட்டு உடனே எங்களிடம் கொடுக்க வேண்டும் என்று இளம்பரிதி எழுதிக் கொடுத்திருந்தார், நேரிலும் சொல்லியிருந்தார். அறுவை அரங்கின் வெளியே ஐஸ் பெட்டியும் வெந்நீர்ப் பெட்டியும் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். ஜாடி வந்தது. மூடியைத் திறக்கும் முன்பே மூக்கில் சுரீரென்று ஏறியது. ஃபார்மலின். உள்ளே இருந்தவர்கள் பழக்கத்தில், எல்லாத் துண்டையும் போடுவது போல இதையும் போட்டுவிட்டார்கள். அதில் விழுந்தால் எந்தக் கிருமியும் உயிரோடு இருக்காது.

இளம்பரிதி ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரை யாரும் எழுப்பவில்லை.

"அவ இருக்கால்லா" என்று மட்டும் டாக்டர் சொன்னார்.

பாறைப்பேட்டை மறுபடி பழையபடி ஆனது. இருமுகிறவர்கள் வந்தார்கள், பட்டை மாட்டிக்கொண்டார்கள், நடுவில் கோடு விழுந்தவர்கள் மாத்திரை வாங்கிப்போனார்கள். அந்த வாரமே பட்டைகளின் புதுப் பெட்டி வந்தது. புதுப் பெட்டி என்றால், நோயில்லாத ஒருவர் முதல் பட்டையில் மூச்சுவிட்டு, அது வெள்ளையாகவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனை எப்போதும் மாவட்டக் கிடங்கிலேயே முடிந்துவிடும். இந்தப் பெட்டி சோதிக்காமல் வந்திருந்தது. நானே மாட்டிக்கொண்டு, சளி வைத்துப் பார்க்கும் கண்ணாடிச் சில்லுகளைக் கழுவினேன். கழுவி முடித்துப் பட்டையை எடுத்துப் பார்த்தேன்.

ஓரத்தில் நீலக் கோடு.

கை கழுவி இன்னொன்றை மாட்டிக்கொண்டேன். மறுபடி நீலக் கோடு. பட்டையைக் கையில் பிடித்தபடி டாக்டர் அறைக்கு ஓடினேன். நான் ஓடி அவர் பார்த்ததில்லை.

டாக்டர் ஒரு பட்டையை மாட்டிக்கொண்டார். அவருடையதிலும் அதே கோடு. வாசலில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியைக் கூப்பிட்டோம். அவர் மீராள் வீட்டுப் பக்கமே போனதில்லை. அவருடைய பட்டையிலும் இருந்தது. தபால் கொண்டுவந்தவருக்கும் இருந்தது. மாத்திரைக்கு வந்த சுடலைமுத்துவின் பட்டையில் இரண்டு கோடுகள், நடுவில் மங்கலாக ஒன்று, ஓரத்தில் பளிச்சென்று ஒன்று.

"நாம இருமுதவங்கள மட்டுந்தான பியூலா சோதிச்சோம், அதுலயும் நடுக்கோட்ட மட்டுந்தான பாத்தோம்" என்றார் டாக்டர். "சும்மா இருக்கவங்க மூச்ச யாரு பாத்தா? வளையம் வந்த பிள்ளைக மூச்சக்கூட நாம பாக்கல."

நெஞ்சாஸ்பத்திரிக்காரர்களின் புத்தி அது. இருமினால்தான் எங்களுக்கு ஒருவர் கண்ணில் படுவார்.

அதற்குக் குழி தேவைப்பட்டதே இல்லை. பழகுவதற்குத்தான் மீராளின் குழி வேண்டியிருந்தது. பழகிய பிறகு எந்த நெஞ்சும் அதற்கு வீடு. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு, அவரிடமிருந்து அடுத்தவருக்கு என்று அது அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது, நாங்கள் ஜாடிகளோடு அவள் ஒருத்தியின் வாசலில் நின்றுகொண்டிருந்தபோதும்.

"அப்ப அவளக் காக்க வச்சிருக்க வேண்டியதே இல்ல" என்றார் டாக்டர். "நான் சொல்லாம மறைச்சதுக்கு அவ செத்திருப்பா. ஒண்ணுமில்லாததுக்கு." கொஞ்சம் கழித்து, "இனிமே யாருகிட்டப் போய்ச் சம்மதம் கேக்குறது?" என்றார்.

நான் வெளியே வந்தேன். பேருந்து நிறுத்தத்தில் கூட்டம். கல்லூரிப் பிள்ளைகள், பூக்கூடைக்காரிகள், சாக்கு மூட்டையோடு ஒருவர், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சண்டை போடுகிற ஒருத்தி. எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். தூத்துக்குடி பஸ் வந்தது, பாதிப் பேர் ஏறிக்கொண்டார்கள். நாகர்கோவில் பஸ்ஸில் மீதிப் பேர். யாருக்கும் எதுவும் தெரியாது. அவர்களுக்குள்ளிருந்து அது வெளியே வந்து, காற்றில் கலந்து, இன்னொருவருக்குள் போய் மெதுவாக உட்கார்ந்துகொண்டிருந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. இருந்தும் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எத்தனை பஸ் போனது என்று தெரியாது.

*

இளம்பரிதிக்கு டாக்டர் சொல்வதற்கு முன்னால், மீராளுக்கு முதலில் தெரிய வேண்டும் என்று கேட்டேன். "போ, போயிட்டு வா" என்றார்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரி வார்டில் பார்வையாளர் நேரம். மீராள் முகக் கவசத்தோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விலாவிலிருந்து ஒரு குழாய் தொங்கியது. பேசினால் வலிக்கும் என்பதால் பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதான அம்மா, காலில் கட்டோடு.

என் பட்டையை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது யாருது?" என்றாள்.

"என்னுது. என் மூச்சு."

ஓரத்துக் கோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் டீக்கடை அண்ணாச்சியைப் பற்றிச் சொன்னேன், தபால்காரரைப் பற்றிச் சொன்னேன். சுடலைமுத்துவின் இரண்டு கோடுகளைப் பற்றிச் சொன்னேன். அது தங்கக் குழி வேண்டாம், அவள் நெஞ்சில் இப்போதும் அது இருக்கும் என்று சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியதில்லை. அவள் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது. விலாவைக் கையால் அழுத்திக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"நான் உனக்கு ஊதினதே இல்லையே பிள்ள."

"பேசினீங்கல்லாக்கா" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் இருந்தாள். பக்கத்துக் கட்டில் அம்மா தலையைத் திருப்பி, "நீங்க எந்த ஊரும்மா?" என்று கேட்டார். பொழுது போகாமல் கேட்பது போலத்தான் கேட்டார்.

மீராள் வலியைப் பொறுத்துக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்தாள். முகக் கவசத்தைக் கீழே இழுக்கப்போனவள் நிறுத்தி, அந்த அம்மாவிடம், "ஒண்ணு சொல்லணும், கேட்டுட்டுச் சொல்லுங்க. எங்கிட்ட பேசினா ஒரு கிருமி ஒட்டும். நல்ல கிருமின்னுதான் டாக்டருக சொல்லுதாக. பேசட்டுமா?" என்றாள்.

அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "வந்ததுலருந்து இந்த வார்டுல ஒரு ஆளு பேசல. நீ பேசு" என்றார்.

மீராள் பாறைப்பேட்டையிலிருந்து ஆரம்பித்தாள்.